ஒரு கவிதையா, முழுத் தொகுப்பா?

கவிதை நூலுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தால் இரண்டு வழி உண்டு. தொகுப்பு முழுவதையும் சுற்றி வந்து, இதன் போக்கு இது, குரல் இது என்று சொல்லலாம். வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு உதவும். ஆனால் அத்தனை கவிதைகளையும் நாலு பத்தியில் அடக்கும்போது 'செறிவு', 'ஆழம்' போன்ற சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றை எந்த நூலுக்கும் ஒட்டலாம்.

ஒரே கவிதையை எடுத்துக்கொண்டால் அப்படித் தப்பிக்க முடியாது. 'அம்மா வரவில்லை' என்று ஓர் அடி முடிந்து, அடுத்தது 'என்று யாரும் சொல்லவில்லை' எனத் தொடர்ந்தால், நடுவில் வாசகர் ஒரு கணம் ஏமாறுகிறார். அதைச் சுட்டிக்காட்டினாலே போதும், தனியாகப் பாராட்ட வேண்டாம். தன்னை ஒருவர் நிதானமாகப் படித்திருக்கிறார் என்பது கவிஞருக்கும் புரியும். குறை சொல்வதும் எளிது. 'கடைசி இரண்டு அடிக்கு முன்பே கவிதை முடிந்துவிட்டது' என்றால் பெரும்பாலும் கோபம் வராது. சரி, வந்தாலும் பேச இடமிருக்கும்.

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான், அதுவும் முதல் தொகுப்பு என்றால் நிச்சயமாக. பல ஆண்டுக் கவிதைகளைத் திரட்டிய நூலுக்கு மட்டும் முதல் வழி. அங்கே கவிஞர் எப்படி மாறினார் என்று காட்டாவிட்டால் அது பாதி மதிப்புரைதான்.