எலிப்பொறியும் கணவாயும்

"மக்கா, எலிப்பொறியில ஒரு கம்பியைக் கழத்திட்டா எலி விழுமா?" நாகர்கோவில் வீட்டில் அத்தான் கேட்டார். விழாது என்றேன். "அப்போ யாரோ யோசிச்சுத்தானே மொத்தமா செஞ்சிருக்கணும்? உயிரும் அப்படித்தான்."

இந்த எலிப்பொறி அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹியினுடையது. 1996இல் வந்த அவருடைய புத்தகம்தான் உயிர்களை யாரோ யோசித்துத் திட்டமிட்டுச் செய்தார் என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' வாதத்தைப் பிரபலமாக்கியது. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் சுழல் வாலில் ஒரு பாகம் குறைந்தாலும் அது ஓடாது, ஆகவே படிப்படியாக உருவாகியிருக்க முடியாது என்றார். பரிணாமத் தரப்பின் பதில்: அந்த வாலின் அடிப்பாகத்தோடு ஒத்த புரதங்களை வைத்துச் சில பாக்டீரியாக்கள் நஞ்சு செலுத்தும் ஊசி வைத்திருக்கின்றன; குறைந்த பாகங்களுக்கும் வேறு வேலை உண்டு. வாலிலிருந்துதான் ஊசி வந்தது என்று வடிவமைப்புக்காரர்கள் மடக்குவார்கள். இதில் ஆளுக்கு ஒரு பக்கம் பேசலாம், பாக்டீரியாவை நாம் கண்ணால் பார்ப்பதில்லை.

கணவாயைப் பார்க்கலாம். அன்று குளச்சலிலிருந்து வந்த கூடையில் ஓட்டுக்கணவாயும் ஊசிக்கணவாயும் ஒரு நெய்மீனும் இருந்தன. நம் கண்ணில் நரம்பிழைகள் விழித்திரைக்கு முன்பக்கமாக ஓடி, ஓர் ஓட்டை வழியே மூளைக்குப் போகின்றன. அந்த ஓட்டைதான் குருட்டுப்புள்ளி. கணவாய்க்கு நரம்பு பின்பக்கமாகவே போய்விடுகிறது, குருட்டுப்புள்ளியே கிடையாது. நம்முடையது சொதப்பல் என்று பரிணாமக்காரர்கள் சிரிப்பதுண்டு. அது கொஞ்சம் அவசரம். ஒளி உணரும் செல்கள் பின்னால் இருப்பதால் ரத்த ஓட்டம் அருகில் கிடைக்கிறது, முன்னால் உள்ள சில செல்கள் ஒளியைக் குழாய் போலக் கடத்துகின்றன என்று வடிவமைப்புக்காரர்கள் சொல்வது சரியான பதில்தான். ஆனால் அந்த நெய்மீன்? அதே கடல், அதே வெளிச்சம்; கண் மட்டும் நம் பாணி. தேவையைப் பார்த்துக் கண் அமைத்தது போலத் தெரியவில்லை, வம்சம் பார்த்து அமைந்திருக்கிறது. முதுகெலும்பு வம்சத்துக்கு ஒரு வகை, கணவாய் வம்சத்துக்கு இன்னொன்று.

ஊசிக்கணவாயைக் கழுவும்போது பிளாஸ்டிக் போல ஒரு குச்சி உருவி வருமே, அதுவும் இந்தக் கதைதான். நாட்டுமருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்கும் ஓட்டுக்கணவாயின் ஓடு மிதக்க உதவுகிறது. அதே இடத்தில் ஊசிக்கணவாய்க்குக் குச்சி. சங்கு, சிப்பியின் உறவுக்காரர்களான கணவாய்களுக்கு முன்னோரின் ஓடு உள்ளே போய்ச் சுருங்கியது என்றால் இரண்டும் ஒரே கணக்கில் அடங்கும். வடிவமைப்பாளர் அப்படி விரும்பினார் என்றால் எதுவும் அடங்கும். அங்கேதான் எனக்கு அந்த வாதம் பலவீனமாகப் படுகிறது.

முதல் செல் எப்படி வந்தது என்ற இடத்தில் வடிவமைப்புத் தரப்பின் கேள்வி நியாயமானது. 2009இல் ஸ்டீபன் மேயர் எழுதிய புத்தகம் அதையே பிடித்துக்கொண்டது. அறிவியலிடம் அதற்கு முழுமையான விடை இன்னும் இல்லை.

"உலகம் பூரா ஏத்துக்கிட்டாங்கலே" என்றார் அத்தான். இந்த வாதத்தைப் பரப்பும், அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கும் டிஸ்கவரி இன்ஸ்டிடியூட் மும்முரமாக இயங்குகிறது, பிரேசிலில் மெக்கன்சி பல்கலைக்கழகத்தோடு 2017இல் மையமும் தொடங்கியது, உண்மை. ஆனால் 2005இல், பள்ளி அறிவியல் வகுப்பில் இதைச் சேர்த்தது பற்றிய பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில், இது அறிவியல் அல்ல என்று தீர்ப்பானது. தன் வரையறைப்படி சோதிடமும் அறிவியல் கோட்பாடாகும் என்று குறுக்கு விசாரணையில் பீஹியே ஒப்புக்கொண்டார். 2017இல் துருக்கியும் 2023இல் நம் நாட்டின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பும் பரிணாமத்தைப் பாடத்திலிருந்து எடுத்தன. எடுத்ததை வடிவமைப்பின் வெற்றிக் கணக்கில் எழுத முடியாது.

மூன்றாவது வழியும் உண்டு: கடவுளும் இருக்கட்டும், பரிணாமமும் இருக்கட்டும். மனித மரபணுத் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் அந்த வகைக் கிறிஸ்தவர். சர்ச்சும் கோயிலும் அய்யாவழிக்காரர்களின் நிழல் தாங்கலும் அடுத்தடுத்த தெருவில் இருக்கும் நம் மாவட்டத்தில் அறிவியல் வாத்தியார்கள் பலர் சத்தமில்லாமல் இதில்தான் நிற்கிறார்கள்.

அத்தானுக்கு இன்னும் எலிப்பொறிதான். "கம்பி போனா அது எதுக்கு ஆகும், சொல்லு பாப்போம்?"

அக்கா அடுக்களைச் சுவரைக் காட்டினாள். கம்பி போன பழைய பொறி ஒன்று ஆணியில் தொங்கியது, ஆறு மாத கரண்ட் பில்லைக் கவ்விக்கொண்டு.