பாட்டுத் தெரிவுக்கே முக்கால்வாசி மார்க்: கல்லடியில் கேட்ட ஒரு ரொக் பாண்ட்

மட்டக்களப்பில் ஒன்றுகூடலுக்கு பாண்ட் பிடித்தால் என்ன வரும் என்று சொல்லவே தேவையில்லை. நாலைந்து சினிமாப் பாட்டு, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’, சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபக்காரன் லைட்டை நிற்பாட்டும் வரைக்கும் பைலா ஆட்டப் பாட்டு. அது எனக்கும் பிடிக்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றாகப் படித்த எங்கள் பட்சில் பாதிப் பேர் ஒரே கசெட்டை ஆளுக்காள் வாங்கிப் பதிந்து ஈகிள்ஸும் டயர் ஸ்ட்ரெய்ட்ஸும் கேட்ட ஆட்கள், அதனால் இந்த முறை கிளாசிக் ரொக் வாசிக்கிற ஊர்க் குழு ஒன்றைக் கூப்பிட்டோம். கல்லடியில் வாவிப் பக்கம் திறந்த மண்டபம், குழுவில் ஆறு பேர். பெயர் போடவில்லை. கொஞ்சம் திட்டவும் போகிறேன், எல்லாரும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள்.

வாசிப்பில் இவர்களை விடக் கெட்டிக்காரர் கொழும்பில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்தப் பாட்டை எடுப்பது, எந்த நேரத்தில் எடுப்பது, யார் தொண்டைக்கு எது சரிவரும் என்கிற விஷயத்தில் இவர்களுக்கு இருக்கிற மூளை அந்தப் பெரிய ஆட்களிடம் நான் காணாதது. ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கினார்கள், அது பிறகு.

ஆரம்பமே கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல். 1971 இல் வந்த ‘ஹேவ் யூ எவர் சீன் த ரெயின்’. பல குழுக்கள் மேடையேறியதும் தங்கள் கெட்டித்தனத்தைக் காட்டுகிற பாட்டை முதலில் எடுத்துவிடுவார்கள், சனம் அப்போதுதான் கதிரை தேடிக்கொண்டிருக்கும், சவுண்ட்காரன் மைக்கைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பான், அந்த அருமையான சோலோ யார் காதிலும் ஏறாமல் காற்றில் போய்விடும். இந்தப் பாட்டு மூன்று நிமிடம்கூட இல்லை, சி மேஜர், கிற்றார் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரிந்த கோட்கள். மைக் சரியில்லாவிட்டாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. கோரஸ் வரும்போது இரண்டு மேசைக்காரர் பாடத் தொடங்கிவிட்டார்கள், சவுண்டும் அதற்குள் சரியாகிவிட்டது. நிறுத்தாமலே அதே குழு பாடிப் பிரபலமான ‘கொட்டன் பீல்ட்ஸ்’. அது மூலத்தில் லெட் பெலியின் பாட்டு. வானொலியில் இங்கிலிசுப் பாட்டுக் கேட்டு வளர்ந்த எங்களைப் படிப்பித்த சேர்மார் இரண்டு பேர் முன்வரிசையில் இருந்தார்கள், அவர்களுக்குச் சொல் சொல்லாகப் பாடம்!

ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதை வாசிக்காத பாண்ட் இலங்கையில் இல்லை. அருகம்பேயில் சீசன் நேரம் இராத்திரி ரோட்டால் நடந்து பாருங்கள், இந்தக் கடையில் இல்லாவிட்டால் அடுத்த கடையில் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, ஆனால் ஒருவராலும் ஆட முடியாது. ஆறரை நிமிடம், கடைசி இரண்டு நிமிடமும் கிற்றார்தான். ஆட்டம் சூடேறின நேரத்தில் இதைப் போட்டால் களம் வெறுமையாகிவிடும், நான் வேறு இடங்களில் கண்டிருக்கிறேன். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், சாப்பாட்டு வரிசை தொடங்கிய உடனே இதை எடுத்தார்கள். கையில் கோப்பை, வாயில் இறால், ஆட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, கேட்டுக்கொண்டு வரிசையில் நகர்ந்தால் சரி.

அதோடு இன்னொரு வேலை. மூலப் பாட்டு பி மைனர், ஈகிள்ஸ் பாடகர் டொன் ஹென்லியின் தொண்டைக்குப் பொருந்தின சுருதி, நம்ம பாடகருக்கு எட்டாது. சுருதியைக் கூட்டக் கிற்றார்க் கழுத்தில் மாட்டுகிற கிளிப்தான் கேப்போ, ஏழாவது கட்டையில் போட வேண்டிய அதை ஐந்தாவது கட்டைக்கு இறக்கி ஏ மைனரில் பாடினார்கள். விரல் பிடி எல்லாம் அதேதான், தொடக்கத்தில் வருகிற அந்த மீட்டலும் அப்படியே கேட்டது, பாடகரும் கழுத்து நரம்பு புடைக்காமல் பாடி முடித்தார். கேட்ட சனத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பதிவில் டொன் பெல்டரும் ஜோ வோல்ஷும் இரண்டு கிற்றாரில் சேர்ந்து வாசிக்கிற பகுதி இருக்கிறதே, இவர்களிடம் லீட் கிற்றார் ஒன்றுதான், இரண்டாவதைக் கீபோட்காரர் வாசித்தார். கீபோட்டில் கிற்றார்ச் சத்தம் கொஞ்சம் பிளாஸ்டிக்தான், சரி, பரவாயில்லை.

அன்று இரவின் உச்சம் என்று நான் சொல்வது ‘ஹவுஸ் ஒவ் த ரைசிங் சன்’. யார் எழுதினார்கள் என்றே தெரியாத பழைய அமெரிக்க நாட்டுப்பாட்டு, 1964 இல் அனிமல்ஸ் குழு வாசித்த வடிவம்தான் உலகம் முழுக்கப் போனது. அது சிக்ஸ்-எய்ட் தாளம், ஒரு சுற்றுக்கு ஆறு தட்டு. ரொக் வாசிக்கிற ட்ரம்மர்களில் பலர் நேராக நாலு நாலாக அடித்துப் பழகியவர்கள், சிக்ஸ்-எய்ட் வந்தால் விறைத்துப்போவார்கள். எங்கள் ஊர் ட்ரம்மருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் பைலா ஓடுவதே சிக்ஸ்-எய்ட்டில்தான். மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணத்தில் கப்ரிஞ்ஞா ஆட்டம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும், வயலின் ஒரு பக்கம் இழுக்க அந்தத் தாளம் உருண்டு உருண்டு போகும், நாங்கள் சின்ன வயதிலிருந்தே காலால் கேட்டுப் பழகிய தாளம் அது. இந்தப் பையன் கை மணிக்கட்டைத் தளர்த்தி வைத்துக்கொண்டு ஹைஹட்டில் ஆறையும் மெதுவாகத் தட்டினான், இரண்டாம் பாதியில் ஸ்நேயரைச் சற்றுப் பிந்தி வைத்தான், பாட்டு ஆடத் தொடங்கிவிட்டது. ஓர்கன் சோலோவைக் கீபோட்காரர் நல்லாகவே எடுத்தார். முடிவில் வழக்கம்போல இழுத்து நிறுத்துவார்கள் என்று பார்த்தால் நிறுத்தவில்லை, அதே ஏ மைனரில் ட்ரம்மர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு திருப்பத்தில் நேரே பைலாவுக்குள் விழுந்துவிட்டார்கள். தாளம் மாறவே இல்லை, வேகம் மட்டும்தான் மாறியது. பெண்கள் மேசையில் இருந்து ‘தமிழ்ப் பாட்டுப் போடுங்கவன்’ என்று அதுவரை நச்சரித்துக்கொண்டிருந்த மாமி முதல் ஆளாக எழும்பினா.

அது யோசித்துச் செய்ததா, தற்செயலா என்று இடைவேளையில் குழுத் தலைவரிடம் கேட்டேன். “இல்லண்ணன், அதுக்குத்தானே அந்தப் பாட்டையே எடுத்த” என்றார். “எங்கட ஆக்களுக்கு எந்தத் தாளம் கை வருமோ அந்தத் தாளத்தில என்ன ரொக் பாட்டு இருக்கெண்டு தேடினம். சந்தானாவும் அப்பிடித்தான் வந்தது.”

உண்மைதான். பைலா வாசிக்கிற குழு என்றால் கையால் தட்டுகிற கொங்கா மேளம் வாசிக்க ஒருவர் கட்டாயம் இருப்பார். ரொக் என்று சொன்னதும் அவரை ஓரமாக இருத்தி கையில் ஒரு டம்பரினைக் கொடுத்துவிடுவது வழக்கம். இவர்கள் அவருக்காகவே ‘பிளாக் மேஜிக் வுமன்’ எடுத்திருக்கிறார்கள். அதை எழுதியவர் பீட்டர் கிரீன், 1968 இல் பிளீட்வுட் மாக் வெளியிட்ட பாட்டு, சந்தானா 1970 இல் கொங்காவும் டிம்பாலி மேளமும் சேர்த்து எடுத்த பிறகு அது வேறு பாட்டாகவே ஆகிவிட்டது. கொங்காக்காரருக்கு அன்று கிடைத்த கைதட்டு லீட் கிற்றாருக்குக் கிடைக்கவில்லை. கிற்றார்க்காரர் முகம் கொஞ்சம் சுருங்கினதையும் கண்டேன், சிரிப்புத்தான் வந்தது.

அந்தச் சுருக்கத்துக்குப் பழிவாங்கத்தானோ என்னவோ, அடுத்து ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’. சறுக்கல் என்று சொன்னது இதைத்தான். 1987 இல் கன்ஸ் அண்ட் ரோசஸ் இந்தப் பாட்டைப் பதிந்தபோது கிற்றார்கள் எல்லாவற்றையும் அரைச் சுருதி இறக்கிக் கட்டியிருந்தார்கள். இவர்கள் இறக்காமல், சாதாரணக் கட்டிலேயே அதே விரல் பிடியில் வாசித்தார்கள். அதனால் பாட்டு மூலத்தை விட அரைச் சுருதி மேலே போய்விட்டது. அந்தக் குழுவின் பாடகர் ஆக்சல் ரோஸே உச்சியில் நின்று கத்துகிற பாட்டு, அதற்கும் மேலே நம்ம பாடகர் எங்கே போவது! முதல் கோரஸில் குரல் உடைந்தது, இரண்டாவதில் மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினார், சனமும் பாடவில்லை. அந்த ஆரம்பக் கிற்றார்த் துண்டுக்காக மட்டும் எடுத்த பாட்டு என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. ஈகிள்ஸ் பாட்டுக்கு இரண்டு கட்டை இறக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது, நடுவில் கிற்றாரை மறுபடி சுருதி கட்ட நேரம் எடுக்கும் என்று விட்டிருப்பார்கள். இரண்டாவது கிற்றார் ஒன்றை இறக்கிக் கட்டி ஸ்டாண்டில் வைத்திருக்கலாம், இல்லாவிட்டால் பட்டியலை விட்டே எடுத்துவிடலாம். நான் எடுக்கத்தான் சொல்வேன்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘சுல்தான்ஸ் ஒவ் ஸ்விங்’ கிற்றார்காரர்களுக்கு மட்டும். மூலத்தில் வாசித்த மார்க் நொப்ளர் மாதிரியே நம்ம கிற்றார்க்காரரும் பிக் இல்லாமல் விரலால் வாசித்தார், மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்த நாலைந்து பேருக்கு அது விருந்து, மற்றவர்கள் தங்கள் பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இரவில் இப்படி ஒரு பாட்டு இருக்கலாம், இரண்டு இருந்தால் ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள். எட்டு நிமிடப் பாட்டு, பத்துக் குரல் வேண்டிய பாட்டு எதையும் இவர்கள் தொடவே இல்லை. குயீன் பாட்டு ஒன்றைக் கேட்டு எங்கள் ஆள் ஒருவன் துண்டு அனுப்பினான், தலைவர் வாசித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அதோடு சரி.

சவுண்ட் சுமார். பேஸ் கூடிப்போய் முன்மேசையில் இருந்தவர்களுக்கு நெஞ்சு அதிர்ந்தது, பின்னால் பாட்டின் சொல் விளங்கவில்லை. அது மண்டபத்துச் சவுண்ட், குழுவின் பொறுப்பு இல்லை, என்றாலும் தங்கள் ஆள் ஒருவரை நடுவில் நிற்கவைத்துக் கேட்டிருக்கலாம்.

கூப்பிட நினைப்பவர்களுக்குச் சில விஷயம். காசு பேசும்போது சவுண்ட், ஜெனரேட்டர் சேர்த்தா சேர்க்காமலா என்று முதலே கேளுங்கள், கடைசி நேரத்தில் அதில்தான் கதை வரும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுப்பது உங்கள் வேலை, குழுவின் வேலை இல்லை. பாட்டுப் பட்டியலை ஒரு கிழமைக்கு முன்னமே வாங்கிப் பாருங்கள், வந்திருக்கிறவர்களின் வயதைச் சொல்லுங்கள், அதற்கேற்ற மாதிரி மாற்றித் தருகிறார்கள், எங்களுக்கு இரண்டு பாட்டு அப்படித்தான் மாறியது. மார்கழியில் நத்தார் நிகழ்ச்சிகளோடு ஓடித்திரிவார்கள், பிடிப்பது கஷ்டம், அதோடு அந்த மாரி மழையில் வாவிப் பக்கத் திறந்த மண்டபத்தில் அம்ப்ளிபயரை வைக்கவும் விடமாட்டார்கள்.