லாக் பீரியாடிக் ஆன்டெனா: மொட்டை மாடியில் மூன்று வருடம்

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம், மலையடிவாரம். 4ஜி ரவுட்டரை வீட்டுக்குள் எங்கே வைத்தாலும் திணறும். 2022இல் இரண்டு லாக் பீரியாடிக் ஆன்டெனா வாங்கி மாடியில் ஏற்றினேன். மீன்முள் மாதிரி, குட்டையில் தொடங்கி நீண்டுகொண்டே போகும் கம்பிகள். 800 முதல் 2700 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். இங்கே 850, 1800, 2300 என்று மாறி மாறி சிக்னல் வருவதால், ஒரே அலைவரிசைக்கான யாகி வகை ஆன்டெனா சரிப்படாது.

முதல் மாதம் பெரிய ஏமாற்றம். கூடவே வந்தது ஆர்ஜி-58 ஒல்லிக் கேபிள், 10 மீட்டர். 2300இல் அந்த நீளத்துக்கு 8 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) போல கேபிளே தின்றுவிடும். ஆன்டெனா சிக்னலைக் கூட்டும் அளவு 11 டெசிபல் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், இந்த வகையில் 7, 8 கிடைத்தாலே நல்லது. அப்புறம் மிச்சம் என்ன? எல்எம்ஆர்-400 என்ற தடிமனான கேபிளுக்கு மாற்றினேன்; இழப்பு 2 டெசிபலுக்கு இறங்கியது. ஆன்டெனாவைவிடக் கேபிளுக்குத்தான் அதிகம் செலவானது. இன்றைக்கு வாங்கினாலும் அப்படித்தான் செய்வேன்.

அடுத்தது மாட்டும் விதம். முதலில் இரண்டையும் நேர்குத்தாக வைத்திருந்தேன். ஒன்றை வலப்பக்கம் 45 டிகிரி, மற்றதை இடப்பக்கம் 45 டிகிரி சாய்த்ததும் பதிவிறக்க வேகம் 14 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 26க்குப் போனது. டவர் ஆன்டெனாக்களுக்கு உள்ளே இருக்கும் கம்பிகளும் பெரும்பாலும் அப்படித்தான் சாய்ந்திருக்கும். ஜிஐ பைப் கம்பிகளுக்கு நடுவில் வரவே கூடாது. நீளமான கம்பிக்கும் பின்னால் பிடிமானம் இருக்க வேண்டும். திசை பார்க்கும்போது சிக்னல் கட்டைகளை நம்பாதீர்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து எஸ்ஐஎன்ஆர் எண்ணைப் பாருங்கள்; இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு என்று அது சொல்லும், கூடினால் நல்லது. எனக்குப் பக்கத்து டவரில் 4 காட்டியது. தூரத்து டவருக்குத் திருப்பினால் 13.

ஆடிக் காற்று ஒவ்வொரு வருடமும் ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பிவிடும். பைப்பில் பெயின்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஒரு நிமிட வேலை.

இரண்டாவது வருடம் சாரல் முடிந்த கையோடு வேகம் பாதியானது. கனெக்டரைக் கழற்றினேன். மேலே சுற்றியிருந்த கரண்ட் டேப்புக்கு அடியில் தண்ணீர் கோத்திருந்தது. மரையெல்லாம் பச்சைக் களிம்பு. புது கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன். கேபிளையும் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டேன், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். போன வாரம் பிரித்துப் பார்த்தேன்: கனெக்டரின் நடு முள் உலர்ந்து பளிச்சென்று இருந்தது.