பக்டெயிலா ஃபிளாஷாபுவா? சுங்கை சிப்புட் தூண்டில் கடையில வாங்குன ஸ்கெர்ட் சாமான் எப்படி இருக்கு

தோமான்னு சொல்ற பெரிய விரால் மீனுக்கு சொந்தமா ஸ்பின்னர், அதாவது பிளேடு சுத்துற லூரு (போலி இரை) கட்டுறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். நம்ம சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு சீனர் அங்கிள் வச்சிருக்குற தூண்டில் கடையில இப்ப ஸ்கெர்ட், அதாவது ஹூக்க சுத்தித் தொங்குற குஞ்சம், கட்டுற சாமான் நல்லாவே கெடைக்குது, முன்னெல்லாம் இதுக்கு ஈப்போவுக்கு ஓடணும். மான் வால் முடி, ஃபிளாஷாபு, மாராபு இறகு, சிலிக்கோன் ஸ்கெர்ட் நாலையும் வாங்கிக் கட்டி செண்டேரோ ஏரியிலயும் பத்து காஜா பக்கம் ஈயக்குட்டையிலயும் (பழைய ஈயச் சுரங்கக் குளம்) போட்டுப் பாத்தாச்சு. என் ஓட்டு மான் வாலுக்குத்தான், அதான் பக்டெயில். மத்த மூணும் அதுக்குத் துணைக்கு வரலாம், தலைமைக்கு வேணாம்.

ஏன்னு சொல்றேன். கடைக்கு வர்றவங்க முக்கால்வாசி பேரு கலர்தான் பாக்குறாங்க, செவப்பு இருக்கா கறுப்பு இருக்கான்னு கேட்டு வாங்கிட்டுப் போயிடுறாங்க. கலர் அப்புறம் பாக்கலாம்ங்க. ஸ்கெர்ட் வெறும் அழகுக்குக் கட்டுறது இல்ல, நீங்க எவ்வளவு மெதுவா மெசின் (ரீல்) சுத்தலாம், லூரு எவ்வளவு ஆழத்துல வரும்னு முடிவு பண்றதுல பிளேடுக்கு அடுத்து அதுக்குத்தான் பங்கு. மான் முடிக்கு ஒரு வெறப்பு இருக்கு, தண்ணியில பாதி விரிச்ச கொடை மாதிரி நின்னு தண்ணிய வாங்கும், அதனால லூரு சட்டுன்னு கீழ போகாது, மெதுவா இழுத்தாலும் மேலாகவே வரும். ஃபிளாஷாபு அப்படி இல்ல. அது சும்மா மெல்லிசான மினுமினுப்பு பிளாஸ்டிக் இழை, துவண்டு போயி பின்னால ஒட்டிக்கிட்டு ஓடும், தூக்கிப் புடிக்கிற சக்தி அதுக்குக் கெடையாது, லூரு எறங்காம இருக்கணும்னா வேகமா சுத்தியே ஆகணும்.

இது செண்டேரோவுல ரொம்ப முக்கியம். 1930-ல கட்டி முடிச்ச அணை அது, ஓரத்துல முழுக்க பட்ட மரக்கட்டையும் பாசியும். தோமான் மூச்சு வாங்க மேல வந்து ஒரு சத்தம் குடுக்கும் பாருங்க, அந்த எடத்த தாண்டிப் போட்டு தண்ணிக்கு ஒரு சாண் கீழ, பிளேடு சுத்தியும் சுத்தாம இருக்குற வேகத்துல கொண்டு வரணும். முழு ஃபிளாஷாபு ஸ்கெர்ட்ட அந்த வேகத்துல இழுத்தா கட்டையிலதான் போய் மாட்டும். அதே ஃபிளாஷாபு ஈயக்குட்டையில, கட்டை இல்லாத ஆழமான தண்ணியில, வெயில் நல்லா அடிக்கிற நேரத்துல வேகமா இழுக்குறதுக்கு சூப்பரா வேலை செய்யிது, அத நான் மறுக்கல. அமெரிக்காவுல மஸ்கிங்குற பெரிய மீன் புடிக்கிறவங்க 10-ம் நம்பர் பிளேடு ரெண்டு போட்டு முழுசா ஃபிளாஷாபுலயே பெரிய பெரிய லூரு கட்டுறாங்க, ஆனா அவங்க தண்ணி வேற, அவங்க ராடு வேற. நமக்கு 4 இல்ல 5-ம் நம்பர் பிளேடு போதும்.

இப்ப கடையில இருக்குற வால் எப்படின்னு பாப்போம். முழு வாலாவே தொங்க விட்டிருக்காரு, வெள்ளை, கறுப்பு, செவப்பு, கொஞ்சம் மஞ்சள். அங்கிள் பேக்கெட்ட தெறந்து தொட்டுப் பாக்க விடுறாரு, "அண்ணே, பெகாங் டுலு" (மொதல்ல தொட்டுப் பாருங்க) ன்னு அவரே எடுத்துக் குடுப்பாரு, இது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். தொட்டுப் பாத்தா தெரியும், வாலோட நுனிப் பக்கம் முடி மெல்லிசா நேரா இருக்கும், நூல் எறுக்குனாலும் பெருசா விரியாது. அடிப் பக்கம் முடி தடிப்பா, உள்ள கூடு மாதிரி இருக்கும், நூல் எறுக்குன ஒடனே பூவா விரியும். மேலாக மெதுவா இழுக்குற லூருக்கு அடிப்பக்கம் வெட்டுங்க, கொஞ்சம் எறங்கி வரணும்னா நுனி. ஒரே வாலுலயே ரெண்டு வகை ஸ்கெர்ட் இருக்கு, விலை கொஞ்சம் கூடன்னு யோசிக்கிறவங்க இத கணக்குப் போட்டுப் பாருங்க.

கட்டும்போது பென்சில் தடிப்புக்கு மேல ஒரு கொத்து எடுக்காதீங்க. வெட்டுன கொத்த நுனியில புடிச்சிக்கிட்டு பழைய பேன் சீப்பால அடிய வாரி விட்டா உள்ள இருக்குற குட்டை முடி, பஞ்சு எல்லாம் கொட்டிரும், அது இருந்தா கட்டு நிக்காது, ஒரு கடியில உருவிக்கிட்டு வந்துரும். அப்புறம் நாலு சின்னக் கொத்தா சுத்தி வர வச்சிக் கட்டி, நூல் மேல பசை விட்டு, ராத்திரி முழுக்கக் காய விடுங்க. முடி நுனி ஹூக்கு வளைவ கொஞ்சம் தாண்டுனா போதும். ரொம்ப நீளமா விட்டா தோமான் வாலை மட்டும் கடிச்சிட்டுப் போயிரும். ரொம்ப அடர்த்தியா கட்டுனா பிளேடு கெளம்பவே கெளம்பாது, இதுதான் கடையில ரெடிமேடா தொங்குற மலிவு ஸ்பின்னர்ல நான் பாக்குற பெரிய குறை. இந்த மான் முடிக்கு நடுவுல ஃபிளாஷாபு ஒரு பத்து இழை சேத்தீங்கன்னா மினுமினுப்பும் வந்துரும், தூக்கிப் புடிக்கிறதும் கெடாது, என்னோட ஃபேவரிட் கறுப்பு முடியோட செம்பு கலர் இழைதான்.

மாராபு பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். வான்கோழியோட மெத்து இறகு அது, தண்ணியில மூச்சு விடுற மாதிரி அசையும், அந்த அசைவு வேற எதுலயும் வராது. ஆனா தோமான் பல்லுக்கு நிக்காது, ஒரு மீனுக்கே பாதி போயிரும். செபாரா மீனுக்கு சின்ன ஸ்பின்னர் கட்டுறவங்க வாங்கலாம்.

சிலிக்கோன் விலை கம்மி, கட்டவே வேணாம், ரப்பர் வளையத்தோட வருது, மாட்டுனா முடிஞ்சிது. பாசிக்கு மேல பஸ்பெய்ட் (தண்ணி மேலயே சலசலத்து ஓடுற லூரு) ஓட்டுறதுக்கு இதான் சரி. ஒண்ணு மட்டும், சாஃப்ட் பிளாஸ்டிக் புழுவோட ஒரே பெட்டியில போடாதீங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருகிப் போயிரும்.

ஆன்லைன்ல மலிவா வருதேன்னு கேப்பீங்க. ஒரு விற்பனையாளர்கிட்ட பக்டெயில்னு போட்டிருந்ததாலதான் வாங்குனேன், வந்தது நைலான். நாலு முடி எடுத்து லைட்டர்ல காட்டுங்க, நெசமான முடின்னா கருகி, முடி எரியிற நாத்தம் வரும், சாம்பலா உதிரும். போலின்னா சுருண்டு உருகி நுனியில கெட்டியா ஒரு மணி நிக்கும். கடையில நேரா தொட்டு வாங்குறதுக்கு நாலு வெள்ளி கூடக் குடுக்கலாம்னு நான் சொல்றது இதனாலதான்.

இயற்கை முடிய இன்னும் பெரிய கம்பெனியே விடல. 1938-ல பிரான்ஸ்ல தொடங்குன மெப்ஸ், இன்னைக்கும் அமெரிக்காவுல வேட்டைக்காரங்ககிட்ட அணில் வால் வாங்கித்தான் ஸ்பின்னருக்குக் கட்டுறாங்க.

கடையில ரெண்டு குறை. சாயம் போட்ட செவப்பு வால் சாயம் விடுது, வெள்ளையோட சேத்துக் கட்டுறதுன்னா மொதல்ல வெதுவெதுப்பான தண்ணியில அலசிக் காய வச்சிட்டுக் கட்டுங்க, இல்லாட்டி எல்லாம் ரோஸ் கலராயிரும். அப்புறம் வால எல்லாம் வெயில் படுற கண்ணாடிப் பக்கம் தொங்க விட்டிருக்காரு, கலர் மங்குது, அதனால உள்ள பெட்டியில இருக்குறத கேட்டு வாங்குங்க, மொகம் சுளிக்காம எடுத்துக் குடுப்பாரு. வீட்டுக்குக் கொண்டாந்தா மூடி போட்ட டப்பாவுல பாச்சை உருண்டை ரெண்டு போட்டு வைங்க, நம்ம ஊரு ஈரத்துக்கும் பூச்சிக்கும் முடி சீக்கிரம் வீணாப் போயிரும். வெள்ளை வால்தான் மொதல்ல தீந்து போவுது, கண்ணுல பட்டா ரெண்டா எடுத்துக்கோங்க.