வேலூரில் தனியாக வீடு எடுக்கப் போகிறீர்களா? 42,000 ரூபாய் போன இந்தக் கதையைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் வாடகைக்கு வீடு தேடுபவர்கள், அதிலும் முதல் முறையாக அப்பா அம்மாவை விட்டுத் தனியாக வரும் பெண்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எங்களுக்கு 42,000 ரூபாய் போய்விட்டது. வயிறு எரிந்துதான் எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் விடாமல் சொல்லிவிடுகிறேன். வீடு எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குடியாத்தம். நைனாவுக்கு லுங்கித் தறி. எனக்கு வேலூர் தோட்டப்பாளையம் பக்கம் ஒரு லேபில் வேலை. ஷிப்ட் முடிய ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். அப்புறம் பஸ் பிடித்துப் பள்ளிகொண்டா வழியாக ஊர் போய்ச் சேர்வதற்குள் நைனா பஸ் ஸ்டாண்டில் வந்து காத்துக்கொண்டிருப்பார். விடிந்தால் தறியில் உட்கார வேண்டிய மனிதர். லேடீஸ் ஹாஸ்டல்களில் அந்த நேரத்துக்குக் கேட் திறப்பதில்லை. அதனால் நானும் கூட வேலை செய்யும் ஒரு பெண்ணும் சேர்ந்து சின்னதாக ஒரு வீடு எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இதற்கு வீட்டில் சம்மதம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குத் தனி வீடு எதற்கு என்று பெரியப்பா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். எனக்காகப் பேசியது அம்மா மட்டும்தான். மகளிர் குழுவில் கடன் எடுத்து அட்வான்ஸுக்குப் பணம் புரட்டியதும் அம்மாதான்.

வாடகை வீட்டு விளம்பரங்கள் போடும் ஒரு செயலியில்தான் அந்த வீட்டைப் பார்த்தோம். சத்துவாச்சாரியில் மாடி வீடு. ஹால், ஒரு பெட்ரூம், சமையல்கட்டு. வாடகை 7,000. படத்துக்குக் கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சையாக டிக் வேறு. சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிற வெளி மாநிலத்துக்காரர்கள், விஐடி பிள்ளைகள், வேலைக்கு வருகிறவர்கள் என்று வேலூரில் வீட்டுக்கு எப்போதும் கிராக்கிதான். 'இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு இருக்காது' என்று எந்த புரோக்கரும் சொல்லலாம், நம்பவும் தோன்றும்.

வீடு பார்க்க அம்மாவும் வந்தார். அந்த புரோக்கர் மாடிப் படியிலேயே அம்மாவின் பையை வாங்கிக்கொண்டான். குழாயைத் திறந்து காட்டி, காவிரித் தண்ணி, போர் தண்ணி ரெண்டும் கீது என்றான். வேலூர் வெயிலுக்கு மாடி வீடு தாங்குமா என்று அம்மா கேட்டதற்கு மொட்டை மாடிக்கே கூட்டிப் போய், வெள்ளை அடித்திருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். "உன் பொண்ணு எனக்குத் தங்கச்சி மாதிரிமா. ராத்திரி வேலை முடிஞ்சு வர்ற பொண்ணுங்கன்னு ஓனரம்மாகிட்ட நானே பேசிட்டேன். எவனும் ஒரு வார்த்தை கேக்க மாட்டான்" என்றான். எங்கள் வீட்டில் எல்லோரும் எதற்குப் பயந்தார்களோ, சரியாக அந்த இடத்தில் கை வைத்தான்.

அன்றைக்கே டோக்கன் 3,000 ஜிபேயில் வாங்கிக்கொண்டான். திரையில் வேறு ஒருவர் பெயர் வந்தது. கேட்டதற்கு, "மச்சான் அக்கவுண்டுமா, என்னுது லிமிட் முடிஞ்சிடுச்சு" என்றான். அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, 35,000. டோக்கன் போக 17,000 ஜிபே, 15,000 கையில். ஓனரம்மாவுக்கு ஜிபே எல்லாம் தெரியாதாம். கமிஷன் ஒரு மாத வாடகை 7,000, அதுவும் கையில். ஆக மொத்தம் 42,000 ரூபாய்.

அக்ரிமெண்ட் போட்ட அன்று ஓனர் பெங்களூரில் இருப்பதாகவும், அவருடைய தங்கை என்றும் ஒரு அம்மாள் வந்தாள். நல்ல காட்டன் புடவை, தலை நிறையப் பூ. ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து ஆனதும் ஒரு எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, ரெண்டு வாழைப்பழம், அதன்மேல் வீட்டுச் சாவி. பச்சை நூல் கட்டிய சாவி. அம்மாவுக்குக் குங்குமம் கொடுத்து, "உங்க பொண்ணு வந்த நேரம் எங்களுக்கும் நல்லது நடக்கட்டும்" என்று அந்தத் தட்டைக் கையில் கொடுத்தாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று தலைமுறையாகத் தெரிந்தவர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். திட்டம் போட்டு, வெற்றிலை பாக்கு வாங்கி வந்து, சாமி பேரைச் சொல்லி ஏமாற்றுவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்?

ஆடி பிறந்துவிட்டால் குடி போகக் கூடாது, அதனால் ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிடுங்கள் என்று அவன்தான் அவசரப்படுத்தினான். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குட்டியானை பிடித்து வந்து இறங்கினோம். நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, குத்துவிளக்கு எல்லாம் அம்மா மடியில். சாவி பூட்டில் நுழையவே இல்லை. பூட்டு புதுசு. அவனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. சத்தம் கேட்டுக் கீழ் வீட்டுக்காரர் வந்து நிஜமான ஓனருக்குப் போன் செய்தார். அவர் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார். பெங்களூரும் இல்லை, தங்கையும் இல்லை. "வீட்டைக் காட்டத்தான்மா அவங்கிட்ட சாவி குடுத்தேன். திருப்பித் தரலன்னு பூட்டையே மாத்திட்டேன். வேற ஃபேமிலிக்கு விட்டாச்சு. நேத்து கூட ஒரு பையன் இதே மாதிரி வந்துட்டுப் போனான்" என்றார். வாங்கி வந்த பால் பாக்கெட்டைப் பிரிக்காமலே ஊருக்குத் திரும்பினோம். வண்டிக்காரருக்கு ரெண்டு வாடகை.

இதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் ஆத்திரம். அன்று சாயங்காலம் போனை எடுத்தவன், "வெள்ளிக்கிழமை காசு வெளிய போகக் கூடாதும்மா, திங்கக்கிழமை வாங்கிக்குங்க" என்றான். திங்கட்கிழமை ஓனரம்மா ஊரில் இல்லை. அப்புறம் அவன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் "ஆடி முடியட்டும், இதைவிட நல்ல வீடா நானே பாத்துத் தரேன், இன்னா அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?" என்றான். இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அவன் உட்காரும் கடையில் போய்க் கேட்டால் டீ குடிக்கப் போயிருக்கிறான் என்கிறார்கள். காலையில் போனாலும் டீ, மதியம் போனாலும் டீ.

அந்தச் செயலிக்காரர்கள் இன்னும் மோசம். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், நாங்கள் விளம்பரம் மட்டுமே வெளியிடுகிறோம், பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதற்கு? எதைச் சரிபார்த்தீர்கள்? புகாரை முடித்துவிட்டோம் என்று மெசேஜ் வந்த அதே வாரம், அதே வீட்டின் அதே படம் வேறு போன் நம்பரோடு மறுபடி வந்திருக்கிறது. டிக்கும் அப்படியே இருக்கிறது.

ஆன்லைன் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். ஜிபேயில் போன 20,000க்குப் புகார் பதிவானது, ஆனால் அந்தக் கணக்கில் பணம் மிச்சமில்லை என்று தெரிந்தது. கையில் கொடுத்த 22,000க்குக் காவல் நிலையம்தான் போக வேண்டும். அங்கே முதலில் அக்ரிமெண்டைப் பார்த்துவிட்டு, இது சிவில் மேட்டர் என்றார்கள். ஓனரே இல்லாத ஒருத்தியை ஓனர் வீட்டு ஆள் என்று காட்டிப் பணம் வாங்கியது எப்படி சிவில் ஆகும் என்று நைனா நின்று கேட்டார். தறி வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்த பிறகுதான் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கிடைத்தது.

42,000 ரூபாய். அம்மாவுக்கு வாரா வாரம் குழுத் தவணை கட்ட வேண்டும். வீடே இல்லாத வீட்டுக்குத் தவணை. சொந்தக்காரர்களில் ஒருத்தராவது அந்தத் திருடனைத் திட்டுகிறார்களா என்றால் இல்லை. 'பொண்ணைத் தனியா விடாதேன்னு அப்பவே சொன்னோம்' என்று அம்மாவைத்தான் பேசுகிறார்கள். திருடியவன் வேலூரில் சௌக்கியமாக டீ குடிக்கிறான், தலை குனிய வேண்டியது நாங்களா? நான் வேலையை விடப் போவதில்லை. வேறு வீடும் பார்க்கத்தான் போகிறேன்.

சரி, சொல்வதாகச் சொன்ன விஷயங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். புரோக்கர் காட்டும் ஓனரை நம்பாதீர்கள். கரண்ட் பில், வீட்டு வரி ரசீது, ஆதார் மூன்றிலும் ஒரே பெயரா என்று பாருங்கள். கீழ் வீட்டில், பக்கத்து வீட்டில் இந்த வீடு யாருடையது என்று கேளுங்கள். பணம் அனுப்பும்போது திரையில் ஓனர் பெயர் வராவிட்டால் அனுப்பவே அனுப்பாதீர்கள், மச்சான் கதை எல்லாம் கேட்காதீர்கள். கையில் காசு வேண்டாம். அட்வான்ஸ் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 2017இல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. பதிவு செய்யலாம் என்றதும் ஓனர் என்று சொல்பவர் நழுவினால் நீங்களும் கிளம்பிவிடுங்கள். ஆன்லைனில் பணம் போனது தெரிந்தால் அந்த நிமிடமே 1930.

சத்துவாச்சாரியில் மாடி வீடு, பச்சை நூல் கட்டிய சாவி, வெற்றிலைத் தட்டோடு ஒரு அம்மாள். இப்படி யாராவது பணம் கொடுத்திருந்தால் ஜிபே ரசீது, விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், அக்ரிமெண்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள், எனக்குத் தெரியப்படுத்துங்கள். முந்தின நாள் வந்து போன அந்தப் பையனையும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் போனால் சிவில் மேட்டர் என்கிறார்கள். நாலு பேராகச் சேர்ந்து எஸ்பி ஆபீஸில் மனு கொடுப்போம்.