வுட்கிராஃப்ட் ஃபோக்: பிள்ளையைச் சேர்க்கலாமா, நாமும் தொண்டராகப் போகலாமா?

லண்டனில் நம்மவர்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது குழு தேடினால் முதலில் ஸ்கவுட்ஸ்தான் நினைவுக்கு வரும். வுட்கிராஃப்ட் ஃபோக் என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்த மீதிப் பேர் "அது கம்யூனிஸ்ட்காரங்க நடத்துறது இல்லையா?" என்று கேட்பார்கள். என் மகள் சேர்ந்த பிறகு நானும் அங்கே தொண்டராகிவிட்டேன், வெள்ளிக்கிழமை மாலை என்றால் எனக்கு அந்த ஹால்தான். அதனால் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

1925இல் லெஸ்லி பால் என்ற இளைஞர், தென் லண்டன் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளை வைத்து, கூட்டுறவு இயக்கத்தின் ஆதரவோடு தொடங்கிய சிறுவர், இளைஞர் இயக்கம் இது. ஆணும் பெண்ணும் முதல் நாளிலிருந்தே ஒன்றாகத்தான். ஸ்கவுட்ஸ் இங்கே எல்லா வயதுப் பிரிவுகளிலும் பெண் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது 1991இல் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். ஆறு முதல் ஒன்பது வயது வரை எல்ஃபின்ஸ், பிறகு பயனியர்ஸ், வென்ச்சரர்ஸ், பதினாறுக்கு மேல் டிஸ்ட்ரிக்ட் ஃபெல்லோஸ். கடவுள் பேரிலோ அரசர் பேரிலோ உறுதிமொழி எதுவும் கிடையாது.

அரசியல் விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இது எந்தக் கட்சியின் கிளையும் இல்லை, ஆனால் சமாதானம், சமத்துவம், சுற்றுச்சூழல், கூட்டுறவு என்று வெளிப்படையான கொள்கைகள் உண்டு, அகதிகளைப் பற்றியும் பருவநிலை பற்றியும் பிள்ளைகள் பேசுவார்கள். அதுவே வேண்டாம் என்றால் இது உங்களுக்குச் சரிவராது. மூளைச்சலவை என்ற குற்றச்சாட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அங்கே பெரியவர்கள் பேசுவது மிகக் குறைவு. எங்கள் பயனியர்ஸ் குழுவில் பருவம் தொடங்கும்போது பெரிய தாள் ஒன்றைத் தரையில் விரித்து, அடுத்த சில வாரங்களுக்கு என்ன செய்யலாம் என்று பிள்ளைகளே எழுதி, விவாதித்து, ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். போன முறை தலைமை தாங்கியவளுக்குப் பத்து வயது. சத்தம் கூடியபோது அவள் கத்தவில்லை, கையை மட்டும் தூக்கினாள். பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி வாயை மூட, அரை நிமிடத்தில் ஹால் அடங்கிவிட்டது. பிறகு, அதுவரை வாயே திறக்காத ஒரு பையனைப் பார்த்து "நீ ஒண்ணும் சொல்லலையே" என்று கேட்டாள். அவனுக்கு நெருப்பு மூட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அதுவும் பட்டியலில் ஏறியது, ஓட்டும் விழுந்தது.

கட்டுப்பாடு இல்லாத கூட்டம் என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். தொண்டராகப் போகிறவருக்குக் கஷ்டமான வேலையும் இதுதான், விடை தெரிந்தும் பேசாமல் காத்திருப்பது. அது எனக்கு வீட்டிலும் பயன்படுகிறது.

"மரத்தைக் கட்டிப்பிடித்துப் பருப்புச் சாப்பிடும் ஹிப்பிகள்" என்று ஆங்கிலேயர்களே இவர்களைக் கேலி பேசுவார்கள். பருப்பு நமக்கு அன்றாடச் சாப்பாடு, அதில் கேலிக்கு என்ன இருக்கிறது? நான் போன கேம்ப்களில் சமையல் பெரும்பாலும் சைவம்தான், சாப்பாட்டை நினைத்துத் தயங்கும் வீட்டினருக்கு இது பெரிய நிம்மதி. கேம்ப்பில் எல்லா வயதினரையும் கலந்து சின்னச் சின்ன அணிகளாகப் பிரிப்பார்கள், அவற்றுக்கு 'கிளான்' என்று பெயர், சமையல், பாத்திரம், விறகு எல்லாம் முறை வைத்து நடக்கும். மழை கொட்டிய ஒரு நாள், கூடாரத்துக்குள் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி ஏழு வயதுப் பையனுக்கு, விரல் நுனியை உள்ளே மடக்கி வெங்காயத்தைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் அவனைக் கத்தி பக்கமே விட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய ஒரு கிண்ணம் நிறைய நறுக்கி வைத்தான், அம்மாவுக்குக் காட்ட ஒரு படம் எடுக்கச் சொன்னான். அன்றைக்குச் சாப்பாடு நேரம் கழித்துத்தான் வந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை.

குறைகளும் உண்டு. ஸ்கவுட்ஸோடு ஒப்பிட்டால் குழுக்கள் மிகக் குறைவு, உங்கள் பகுதியில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். முழுக்கத் தொண்டர்களை நம்பி ஓடுவதால் பெற்றோர் முன்வராத இடத்தில் குழு தள்ளாடும். அப்புறம், எங்களைப் போல வெள்ளிக்கிழமை கூடும் குழு என்றால் கோயிலோ டியூஷனோ கட்டாயம் இடிக்கும், வீட்டில் பேசி முடிவெடுங்கள். அது வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்தின் கூட்டம் என்ற பேச்சில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் குழுவிலும் நம் முகங்கள் குறைவுதான், ஆனால் போனவர்களை அந்நியமாக உணர வைத்ததை நான் பார்க்கவில்லை. ஒதுங்கி நின்று குறை சொல்வதைவிட நாம் நாலு பேர் போனால் அது தானாக மாறும் என்று நம்புகிறேன்.

தொண்டராக விரும்பினால் காட்டில் வாழத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டிபிஎஸ் செக் (குற்றப் பின்னணி உண்டா என்ற சரிபார்ப்பு) வேண்டும், குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று இருக்கிறது. நாற்காலி அடுக்க, தேநீர் போட, ரிஜிஸ்டர் பார்க்க என்று தொடங்கலாம், பிறகு உங்களுக்குத் தெரிந்த கைவேலையையோ சமையலையோ ஒரு மாலை சொல்லிக்கொடுக்கலாம். பணம் கட்டிச் சேருவதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் வந்து பார்க்கலாமா என்று உங்கள் பகுதிக் குழுவிடம் கேளுங்கள். அப்படிப் போகும் அன்று பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், நீங்களும் உள்ளே இருங்கள்.