ஒரு வாரம் கிடைத்தால் எங்கே: டிசம்பர் சபாவா, பொங்கல் சங்கமமா, நம்ம ஊர் நாடகமா?

மண்டபம், தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கம் குடும்பத்தோடு ஒரு வாரம் சென்னைக்குப் போய் பாட்டு, ஆட்டம், புத்தகம் என்று பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நல்ல விஷயம். போவதென்றால் இரண்டு வாரங்கள்தான் கணக்கில் வரும். ஒன்று, கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரைக்குமான வாரம், கச்சேரி, நடனம் நடத்தும் சபாக்களின் டிசம்பர் சீசன் உச்சத்தில் இருக்கும் நேரம். இன்னொன்று பொங்கல் வாரம், அரசு நடத்தும் சென்னை சங்கமம். மூன்றாவது வழி, சென்னைக்கே போகாமல் அந்த ஒரு வாரத்தை நம்ம கடலோரத்துத் திருவிழாக்களுக்குக் கொடுப்பது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக்குப் போவதென்றால் டிசம்பரில் போங்கள். சங்கமத்தில் மேடையேறும் கலைகளின் முழு உருவம் நம்ம பக்கத்து ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. டிசம்பரில் சபாவில் கேட்கக் கிடைப்பதோ, ஒரு காலத்தில் ராமநாதபுரத்தில் செழித்து, இன்று இங்கே கேட்கவே முடியாமல் போன ஒன்று.

"சபாக் கச்சேரியெல்லாம் நமக்கு எதுக்கு, அது மயிலாப்பூர்க்காரங்க சமாச்சாரம்" என்று சொல்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி காலத்தில் இங்குள்ள அரண்மனை, பெரிய வித்வான்கள் தேடி வந்த இடம். சமஸ்தான வித்வானாக இருந்த பூச்சி சீனிவாச ஐயங்கார் (1860–1919) பெயருக்கு முன்னால் இன்றைக்கும் ராமநாதபுரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருடைய சிஷ்யர்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் ஆரம்பித்து, சில கீர்த்தனைகள், விரிவாகப் பாடும் ஒரு பெரிய உருப்படி, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடா என்னும் சின்னப் பாட்டுகள் என்று இன்று எல்லா மேடையிலும் நடக்கும் கச்சேரியின் அமைப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி என்பது இசையுலகம் ஒப்புக்கொண்ட விஷயம். பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்ரமணிய பிள்ளையோடு சேர்த்து மும்மூர்த்திகளாகப் பேசப்பட்ட மிருதங்க வித்வான் முருகபூபதி ராமநாதபுரத்துக்காரர். அவருடைய அண்ணன் சங்கரசிவம், பாடகர் மதுரை டி. என். சேஷகோபாலனுக்குக் குரு. மியூசிக் அகாடமி வாசலில் நம்ம ஊர்க்காரர் தயங்கி நிற்க எந்த அவசியமும் இல்லை.

அதற்காக சபாக்களில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மேடையும் முன்வரிசையும் வெகுகாலமாக ஒரே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்ற விமர்சனம் நியாயமானது. நம்ம ஊரில் கல்யாணமும் கோவிலும் நாகஸ்வரம் இல்லாமல் கிடையாது. அங்கே பல சபாக்களில் அது தொடக்க நாள் மங்கள இசையோடு முடிந்துவிடுகிறது. வலிக்கிறது. இருந்தும் போகச் சொல்கிறேன், ஏனென்றால் உள்ளே நுழைவது பலர் நினைப்பதைவிடச் சுலபம்.

டிக்கெட்டுக்கு அடிதடி எல்லாம் மாலை ஆறு, ஏழு மணிக் கச்சேரிக்குத்தான். பெரும்பாலான சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாது. நேரே போய் உட்கார வேண்டியதுதான். பாடுபவர்கள் இளைஞர்கள், இருபது இருபத்தைந்து வயதுக்காரர்கள். மத்தியானம் ரெண்டு மணி, அரங்கில் பாதி நாற்காலி காலி. முதல் வரிசையில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். பாடுகிற பெண் ராகத்தை ஆரம்பித்து, மேலே போகலாமா வேண்டாமா என்று ஒரு இடத்தில் நிற்பாள். வயலின்காரர் அந்த இடத்தையே மெல்ல வாசித்துக் காட்ட, அவள் சிரித்துக்கொண்டு மேலே ஏறுவாள். மைக் சத்தம் குறைவாக இருக்கிற சின்ன அரங்கில், நாலாவது வரிசையில் உட்கார்ந்தால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மாலைக் கச்சேரியில் பால்கனியிலிருந்து தெரியாது. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது: பெரிய பெயர்களைத் துரத்த வேண்டாம், பகலில் போங்கள்.

மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் விளக்கவுரைகளையும் விடாதீர்கள். 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928-ல் பிறந்த அமைப்பு அது. அந்தக் காலை அமர்வுகளில் ஒரு ராகம், ஒரு பழைய பாணி, மறந்துபோன ஒரு வாத்தியம் என்று எடுத்துக்கொண்டு வித்வான்கள் பாடிக் காட்டி விளக்குவார்கள். பாட்டு கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்காகவே ரயில் ஏறலாம்.

"எல்லாம் தெலுங்கு, ஒரு வார்த்தை புரியவில்லை" என்பது இன்னொரு தயக்கம். அதற்கும் அந்த வாரத்திலேயே வழி உண்டு. பாரிமுனையில் உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போங்கள். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943-ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பர் பின்பாதியில் அங்கே நடக்கும். கச்சேரி தமிழ்ப் பாட்டில். தேவாரப் பண்களைப் பற்றிய ஆராய்ச்சி அமர்வுகளும் உண்டு. உத்தரகோசமங்கையைப் பாடிய மாணிக்கவாசகர் வரிகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அரங்கு அந்நியமாக இருக்காது. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைச் சுற்றில் இருந்து அது தள்ளி இருப்பதால் ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்க வேண்டும்.

நடனத்துக்குத் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கியது. அங்கே டிசம்பர் கடைசியில் நடக்கும் கலை விழாவில் ஒரு நாட்டிய நாடகம் பார்த்துவிடுங்கள், போதும். சபா கேன்டீன் சாப்பாடு பற்றி ஊரே எழுதிவிட்டது, நான் எழுதவில்லை.

இந்த வாரத்துக்கு இன்னொரு சாதகம், அரையாண்டு விடுமுறை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பாதகம் ஒன்றுதான், ஆனால் நம்ம பக்கத்துக்கு அது பெரியது: ஆருத்ரா தரிசனம். உத்தரகோசமங்கை மரகத நடராஜருக்கு வருடம் முழுவதும் சாத்தியிருக்கும் சந்தனக்காப்பைக் களைவது வழக்கமாக மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும்தான். அது சில வருடம் டிசம்பர் கடைசி வாரத்தில் வரும், சில வருடம் ஜனவரிக்குப் போய்விடும். 2023-ல் டிசம்பர் 27. 2025-ல் ஜனவரி 13. காலண்டரைப் பார்க்காமல் டிக்கெட் போட்டுவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் வர மாட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கும்.

இனி பொங்கல் வாரம். சென்னை சங்கமம் 2007-ல் தொடங்கி, சில ஆண்டுகளில் நின்று, 2023-ல் "நம்ம ஊரு திருவிழா" என்ற பெயரோடு திரும்பி வந்தது. பூங்கா, மைதானம், கடற்கரை என்று நகரம் முழுக்கத் திறந்தவெளி மேடைகள். கரகம், ஒயில், பறை, தேவராட்டம், தெருக்கூத்து எல்லாம் உண்டு. டிக்கெட் கிடையாது, உடுப்பு பார்ப்பவர் கிடையாது, குழந்தை அழுதால் திரும்பிப் பார்த்து முறைப்பவரும் கிடையாது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு சபாவைவிட இது பத்து மடங்கு மேல். கிராமத்துக் கலைஞர்களுக்குத் தலைநகரில் மேடையும் சம்பளமும் மரியாதையும் கிடைக்கிறது. அதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

பிரச்சினை நேரம். ஒரு குழுவுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஒயிலாட்டம் என்றால் கால் சூடு பிடித்து, வாத்தியார் பாட்டை மாற்றி, வரிசை வேகம் எடுப்பதற்கே அரை மணி வேண்டும். அதற்குள் அடுத்த குழு மேடை ஓரத்தில் வந்து நிற்கும். ஒயிலாட்டத்தை முதல்முறை பார்க்கும் நகரத்துப் பிள்ளைக்கு அது நல்ல அறிமுகம். நம்ம ஊர் முளைப்பாரித் திருவிழாவான முளைக்கொட்டில் கும்மி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அரைகுறை.

பொங்கல் வாரத்துக்கு வலு சேர்ப்பது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சி. 1977-லிருந்து நடக்கிறது, மெட்ரோவில் இறங்கினால் பக்கத்திலேயே. பத்து சதவீதத் தள்ளுபடியைவிட, சின்னப் பதிப்பகங்களின் பழைய புத்தகங்களை ஒரே இடத்தில் புரட்டிப் பார்க்க முடிவதுதான் பெரிய லாபம். ஆனால் தேதி நிலையானதல்ல. 2024-ல் ஜனவரி 3 முதல் 21 வரை நடந்தது. அடுத்த தடவை 2024 டிசம்பர் 27-லேயே ஆரம்பித்து ஜனவரி 12-ல் முடிந்துவிட்டது; பொங்கலுக்குப் போனவர்களுக்குக் கிடைக்கவில்லை, டிசம்பர் கடைசியில் போனவர்களுக்கு சபாவோடு சேர்ந்து கிடைத்தது. அப்படி அமையும் வருடம் யோசிக்கவே வேண்டாம், டிசம்பர்தான்.

ரயிலில் பொங்கல் வாரம் ஜெயிக்கும். ஊரே சென்னையிலிருந்து தெற்கே வரும்போது நாம் வடக்கே போகிறோம். பண்டிகை முடிந்து எல்லோரும் சென்னைக்குத் திரும்பும்போது நாம் ராமேஸ்வரம் வண்டியில் ஏறுகிறோம். இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும். ஆனால் பொங்கலன்று வீட்டு வாசலில் பானை வைக்காமல் சென்னையில் லாட்ஜில் இருப்பதற்கு எத்தனை குடும்பம் சம்மதிக்கும்?

பிள்ளைகளோடு கடல்புறத்துக்காரராகச் சென்னையில் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால், பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்து விழாவை விசாரித்துக்கொள்ளுங்கள். மீனவர் குப்பத்துக்குள்ளேயே கர்நாடக சங்கீதத்தையும் பறையையும் அடுத்தடுத்து மேடையேற்றி 2015-ல் தொடங்கியது, பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து. அது நடக்கும் நாளில் நீங்கள் சென்னையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது வழி நம்ம ஊர். விசைப்படகுக் குடும்பங்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். கடலுக்குப் போகிற வீட்டில் டிசம்பரில் ஒரு வாரம் ஒதுக்குவது கஷ்டம். அவர்களுக்கு ஓய்வு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம். அந்த மாதங்களில் சென்னை சபாக்கள் ஓய்ந்து கிடக்கும். இங்கேயோ பங்குனியிலிருந்து ஆடி வரை கோவில் கொடைதான், நாடகம்தான்.

ஸ்பெஷல் நாடகத்தைச் சும்மா வந்துபோகிற ஊர்க்கூத்தாக நினைத்து ஒதுக்குகிறவர்கள் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்ததில்லை. நோட்டீஸிலேயே அதன் கட்டுமானம் தெரியும்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் போட்டோ, பெயர், ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. பலர் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் ஓடுகிறது.

பத்து மணிக்கு பபூன் வருவார். வள்ளித் திருமணம் சூடு பிடிப்பது நள்ளிரவு தாண்டி, நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது. நாரதர் ஒரு கேள்வியைப் பாட்டாகப் போடுவார். அது எழுதி வைத்த கேள்வியாக இருக்காது. வள்ளி வேடம் போட்ட அம்மா ஆர்மோனியக்காரரை ஒரு பார்வை பார்ப்பார். அவர் சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். பதில் அதே மெட்டில் வந்து விழும்போது, பாயில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். விடியற்காலையில், முருகன் கையில் தாலியை எடுக்கிற நேரத்தில், "ஏ மதினி, எந்திரிங்க, தாலி கட்டப் போறாக" என்று பக்கத்துப் பாயை உலுக்குகிற குரல் கேட்கும். குலவை கிளம்பும். மனோதர்மம், அதாவது மேடையிலேயே கற்பனையாகப் பாடுவது, என்று சபாவில் எதைக் கொண்டாடுகிறார்களோ அது இங்கே பொட்டல் வெளியில், பெட்ரோல் பங்குக்குப் பின்னால், டிக்கெட் இல்லாமல் நடக்கிறது.

ஏர்வாடி தர்கா சந்தனக்கூடும் இப்போதைய வருடங்களில் இதே சமயத்தில் வருகிறது. துல்கஃதா மாதக் கணக்கு என்பதால் ஆண்டுக்குப் பதினோரு நாள் போல முன்னால் நகரும். 2025-ல் மே மாதம். விடியற்காலையில் கூடு தர்காவுக்கு வந்து சேரும் வரை கூட்டத்தோடு நடப்பதற்கு எல்லா மதத்து ஆட்களும் இருப்பார்கள். பகலில் நேரம் இருந்தால் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குள் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள், நம்ம டவுனுக்கு நடுவிலேயே.

ஆக, ஆசிரியர்கள், அலுவலகம் போகிறவர்கள், பாட்டு கற்கும் பிள்ளை இருக்கிற வீடு: டிசம்பர் 25-ஐ ஒட்டிய வாரம், ஆருத்ரா அதில் விழாத வருடம். கைக்குழந்தைக்காரர்கள், புத்தகப் பைத்தியங்கள்: பொங்கல், காட்சித் தேதியைப் பார்த்துக்கொண்டு. படகுக்காரர்கள்: மே மாதம், ஊரிலேயே. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்துக்கு என்றால் அக்டோபர் கடைசியில் காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து போட்டுவிடுங்கள். தங்கும் இடத்தை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கமே பாருங்கள், எழும்பூர்ப் பக்கம் எடுத்தால் காலை விளக்கவுரைக்குத் தினமும் ஓட வேண்டியிருக்கும்.